டான்யூப் ஆற்றங்கரைப் பாதை

ஆறே மனிதனுக்கு வாய்த்த முதல் வழிகாட்டி. காடும் மலையும் சூழ்ந்த நிலத்தில் திசையறியாது திகைத்து நின்ற பழங்கால மனிதன், ஓடும் நீரைப் பின்பற்றி நடந்தான். நீர் சென்ற வழி அவனைச் சமவெளியிற் கொண்டு சேர்த்தது. அங்கே அவன் நிலத்தை உழுதான், ஊரை அமைத்தான், படகு கட்டி வாணிகம் செய்தான். ஆற்றோடு செல்வதே அவனுக்குப் பயணமாக இருந்தது. பிற்காலத்தில் இருப்புப்பாதைகளும் நெடுஞ்சாலைகளும் தோன்றின. மனிதன் ஆற்றைக் கடந்து செல்லக் கற்றான். ஆற்றோடு செல்வதை மறந்தான். பாலத்தின்மீது விரையும் ஊர்தியில் அமர்ந்திருப்பவனுக்கு ஆறு ஒரு நொடியிலே தோன்றி மறையும் காட்சியாகி விட்டது.

மறந்துபோன அந்தப் பழக்கத்தை ஐரோப்பாக் கண்டத்து மக்கள் மீண்டும் கைக்கொண்டுள்ளனர். அங்கே பேராறுகளின் கரையை ஒட்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்திற்கு மிதிவண்டிப் பாதைகள் அமைந்துள்ளன. அவற்றுள் பெரும்புகழ் வாய்ந்தது டான்யூப் ஆற்றங்கரைப் பாதையாகும். அப்பாதையில், ஜெர்மனியிலுள்ள பாசாவ் நகரத்திலிருந்து ஆஸ்திரிய நாட்டை ஊடறுத்துச் சென்று, ஸ்லோவாக்கியாவின் தலைநகராகிய பிராட்டிஸ்லாவாவை அடையும் பகுதியைப் பற்றி இப்பாடத்தில் காண்போம்.

ஆற்றின் போக்கு

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் கருங்காடு என்னும் மலைப்பகுதி உள்ளது. அங்குத் தோன்றும் பிரேக், பிரிகாக் என்னும் சிற்றாறுகள் இரண்டும் டோனாவ்எஷிங்கன் என்னும் ஊரருகே ஒன்று கூடுகின்றன. அவ்விடத்திலிருந்தே அந்நீர் டான்யூப் என்னும் பெயரைப் பெறுகின்றது. மேற்கே தோன்றிக் கிழக்கு நோக்கிப் பாயும் இவ்வாறு, பத்து நாடுகளின் வழியாகவும் எல்லை ஓரமாகவும் ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர் ஓடிக் கருங்கடலிற் கலக்கின்றது. ஐரோப்பாவில் வால்கா ஆற்றுக்கு அடுத்தபடியாக நீளமுடையது இதுவே. வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேடு ஆகிய நான்கு தலைநகரங்கள் இதன் கரையில் அமைந்துள்ளன.

அட்லாண்டிக் பெருங்கடலின் கரையில் தொடங்கிக் கருங்கடலில் முடியும் நெடிய மிதிவண்டி வழி ஒன்று ஐரோப்பாவில் உண்டு. 'யூரோவெலோ 6' என்பது அதன் பெயர். நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடைய அவ்வழியில் டான்யூப் கரைப்பாதை ஒரு பெரும் பகுதியாக இணைந்துள்ளது.

குதிரைகள் நடந்த வழி

இப்பாதை மிதிவண்டிக்காக முதன்முதலில் வகுக்கப்பட்டதன்று. இதன் தொடக்கத்தை அறிய வேண்டுமாயின், நீராவிக் கப்பல் தோன்றாத காலத்திற்குச் செல்லல் வேண்டும். அக்காலத்தில் உப்பும் மரமும் இரும்பும் ஏற்றிய படகுகள் நீரோட்டத்தின் வலிமையாலேயே கீழ்நோக்கிச் சென்றன. ஆனால், கீழ்நாடுகளிலிருந்து தானியமும் திராட்சை மதுவும் ஏற்றிக்கொண்டு மேல்நோக்கி வருவது எங்ஙனம்? ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட மனிதர் கை போதாது. எனவே, பல படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்து, நீண்ட வடங்களிற் கட்டி, கரையில் நடக்கும் குதிரைகளைக்கொண்டு இழுத்தனர். பெரிய படகுத் தொடருக்குப் பல பத்துக் குதிரைகள் வேண்டியிருந்தன. குதிரைகளும் அவற்றை ஓட்டுபவரும் நடப்பதற்காகவே நீரை ஒட்டி ஒரு வழி அமைக்கப்பட்டது. அதுவே இழுவைப்பாதை எனப்பட்டது.

இழுவைப்பாதை நீரைவிட்டு விலகினால் வடம் மரங்களிற் சிக்கும். ஏற்ற இறக்கமாக இருந்தால் குதிரை களைத்து விழும். ஆகவே, அது நீருக்கு அருகிலும் சமமாகவும் இருக்க வேண்டும் என்பது தொழிலின் தேவையாயிற்று. 1829ஆம் ஆண்டில் வியன்னாவில் டான்யூப் நீராவிக் கப்பல் நிறுவனம் தோன்றியது. காலப்போக்கில் குதிரைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. எனினும், வழி மட்டும் எஞ்சி நின்றது. 1980களில் அவ்வழியின் பல பகுதிகள் மிதிவண்டிக்காகச் செப்பனிடப்பட்டன. பாசாவிலிருந்து வியன்னா வரையுள்ள ஏறத்தாழ 320 கிலோமீட்டர்த் தொலைவில் நிலம் 150 மீட்டர் அளவிற்கே தாழ்கின்றது. ஆதலின், சிறுவரும் முதியோரும்கூட ஒரு வாரத்தில் இத்தொலைவை எளிதாகக் கடக்கின்றனர். பண்டைத் தொழிலாளர் வியர்வை சிந்தி வகுத்த வழி, இன்று அனைவர்க்கும் பயன்படுகின்றது.

மூன்று ஆறுகள் கூடும் நகர்

பாசாவ் நகரில் மூன்று ஆறுகள் கூடுகின்றன. தெற்கே ஆல்ப்ஸ் மலையிலிருந்து இன் ஆறு வருகின்றது. பனிப்பாறைகள் அரைத்த மென்துகள்களைச் சுமந்து வருவதால் அதன் நீர் வெளிறிய பச்சை நிறமுடையது. வடக்கே சதுப்பு நிலங்களில் ஊறிவரும் இல்ஸ் ஆற்றின் நீர் கருமை கலந்தது. இவ்விரண்டுக்கும் இடையே டான்யூப் வருகின்றது. கூடிய பின்னரும் சிறிது தொலைவுவரை நிறங்கள் தனித்தனியே தெரிய நீர் ஓடுவதைக் காணலாம்.

கண்ணுக்கு இனிய இக்கூடலே நகருக்கு இடரும் விளைப்பது. பழைய நகர மன்றத்தின் சுவரில், வெள்ளம் ஏறிய உயரங்கள் ஆண்டுகளோடு குறிக்கப்பட்டுள்ளன. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெள்ளம் 12.89 மீட்டர் அளவுக்கு உயர்ந்தது. 1501ஆம் ஆண்டிற்குப் பின்னர் அந்நகர் அத்தகைய வெள்ளத்தைக் கண்டதில்லை. ஆற்றங்கரையில் வாழ்வோர் ஆற்றின் கொடையை மட்டுமன்றி, அதன் சீற்றத்தையும் கணக்கில் வைத்தே வாழ வேண்டும் என்பதை அச்சுவர் உணர்த்துகின்றது.

பாசாவைக் கடந்ததும் பாதை காடடர்ந்த பள்ளத்தாக்கினுள் நுழைகின்றது. ஷ்லோகன் என்னுமிடத்தில், கிழக்கே சென்றுகொண்டிருந்த ஆறு திடீரெனத் திரும்பி, வந்த திசையை நோக்கியே ஓடி, மீண்டும் வளைகின்றது. அங்குள்ள கடினமான பாறை, நீரை நேரே செல்ல விடவில்லை. பல லட்சம் ஆண்டுகள் அறுத்து அறுத்துத் தனக்கு வழி கண்ட ஆற்றின் பொறுமையை, குன்றின்மீது நின்று பார்ப்போர் வியப்பர்.

அறிவின் ஒளியும் கொடுமையின் இருளும்

அடுத்து வரும் பெருநகர் லின்ஸ். கோள்களின் இயக்கத்தைப் பற்றிய விதிகளைக் கண்ட வானநூலறிஞர் ஜோகன்னஸ் கெப்ளர், 1612 முதல் 1626 வரை இந்நகரில் வாழ்ந்தார். ஒருமுறை அவர் வீட்டிற்கு மதுப் பீப்பாய்கள் வாங்கப்பட்டன. விற்க வந்த வணிகன், பீப்பாயின் வாயில் ஒரு கோலைச் சாய்வாகச் செலுத்தி, நனைந்த நீளத்தைப் பார்த்து விலை கூறினான். பீப்பாய் குட்டையாயினும் நெட்டையாயினும் அளவு முறை ஒன்றே. இஃது எங்ஙனம் சரியாகும் என்னும் ஐயம் கெப்ளர் உள்ளத்தில் எழுந்தது. வளைந்த வடிவமுடைய பொருளை எண்ணற்ற மெல்லிய பகுதிகளாகப் பகுத்துக் கூட்டிக் கொள்ளளவு காணும் முறையை அவர் ஆராய்ந்து, 1615ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பின்னர் வளர்ந்த நுண்கணிதத்திற்கு அந்நூல் முன்னோடிகளுள் ஒன்றாயிற்று. ஆற்றங்கரை வாணிகம், கணித அறிவின் வளர்ச்சிக்கும் தூண்டுகோலாயிற்று.

லின்ஸ் நகரிலிருந்து சிறிது தொலைவு சென்றால் மௌத்ஹவுசன் என்னும் சிற்றூர் வருகின்றது. ஊரும் ஆறும் அழகியவை. ஆனால், ஊருக்கு மேலேயுள்ள குன்றில் கருங்கற் சுவர்கள் சூழ்ந்த ஒரு கட்டடம் நிற்கின்றது. ஹிட்லரின் ஆட்சியினர் 1938ஆம் ஆண்டில் அங்கே ஒரு வதைமுகாமை அமைத்தனர். 1945ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் அமெரிக்கப் படையினர் விடுவிக்கும் வரையில், அம்முகாமிலும் அதன் கிளைகளிலும் ஏறத்தாழ 1,90,000 பேர் அடைக்கப்பட்டனர். அவர்களுள் 90,000 பேரேனும் மாண்டனர். கல்லுடைக்கும் சுரங்கத்திலிருந்து பெருங்கற்களை முதுகிற் சுமந்து 186 படிகளில் ஏறுமாறு கைதிகள் வருத்தப்பட்டனர். வழுக்கி விழுந்தோர் பலர், தள்ளப்பட்டோர் பலர்.

பயணத்தின் இன்பத்திற்கு இடையே இத்துன்பக் காட்சி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அம்முகாம் இடித்து அழிக்கப்படவில்லை, நினைவிடமாகப் பேணப்படுகின்றது. மிதிவண்டியைக் கீழே நிறுத்திவிட்டுக் குன்றேறிச் சென்று, தலை தாழ்த்தித் திரும்புவோர் பலர் உளர். ஒரு நாடு தன் பெருமையை மட்டும் காத்து, தன் சிறுமையை மறைத்துவிடின், அது வரலாற்றைக் காத்ததாகாது. பண்பாடு என்பது அரண்மனைகளிலும் ஓவியங்களிலும் மட்டும் இல்லை. செய்த தீமையை மறவாதிருக்கும் நேர்மையிலும் உள்ளது.

அணைகளும் மடமும்

ஆஸ்திரியாவில் டான்யூப் ஓடும் தொலைவு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். இத்தொலைவிற்குள் பத்து நீர்மின் நிலையங்கள் உள்ளன. கிரைன் என்னும் ஊரைச் சுற்றியுள்ள குறுகிய பள்ளத்தாக்கில் முற்காலத்தில் பாறைகளும் சுழல்களும் மிகுந்திருந்தன. அங்குப் பல படகுகள் உடைந்தன. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பாறைகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. அதற்குக் கீழே 1959ஆம் ஆண்டில் இப்ஸ்-பெர்சன்பொய்க் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதன்பின் அப்பள்ளத்தாக்கில் ஆறு ஏரி போல் அமைதியாயிற்று. படகோட்டிகளின் அச்சம் நீங்கியது. நாட்டிற்கு மின்சாரம் கிடைத்தது. அந்நாட்டின் மின்தேவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை டான்யூப் ஆற்று மின் நிலையங்கள் அளிக்கின்றன. புகையும் சாம்பலும் இன்றிப் பெறும் அவ்வாற்றலின் பயனை எவரும் மறுக்க இயலாது.

அணையின் பயன் இத்தகையதாயினும், அதனால் ஆறு இழப்பதும் உண்டு. தேங்கிய நீரில் சரளைக் கற்கள் உருண்டு செல்வதில்லை, சேறு படிகின்றது. ஓடும் நீரில் முட்டையிடும் மீன்களுக்கு இடம் இல்லாமற் போகின்றது. ஆண்டுதோறும் வெள்ளநீர் பரவி உயிரூட்டிய கரைக்காடுகள் வறள்கின்றன. ஆகவே, ஆற்றிடமிருந்து எவ்வளவு பெறலாம், ஆற்றுக்கு எவ்வளவு விடலாம் என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு மக்கள் அளித்த விடைகளை, இனிச் செல்லும் வழியில் காண்போம்.

மெல்க் என்னும் ஊரில், பாறைக்குன்றின்மீது பொன்னிறமும் வெண்ணிறமும் கொண்ட பெரிய மடம் ஒன்று நிமிர்ந்து நிற்கின்றது. 1089ஆம் ஆண்டு முதல் பெனடிக்ட் சபைத் துறவியர் அங்கு வாழ்ந்து வருகின்றனர். இன்றைய கட்டடம் 1702ஆம் ஆண்டிற்கும் 1736ஆம் ஆண்டிற்கும் இடையே எழுப்பப்பட்டது. யாக்கோப் பிராண்டாவர் என்னும் சிற்பி அதற்குத் திட்டம் வகுத்தார். அம்மடத்தின் நூலகத்தில் சுமார் ஒரு லட்சம் நூல்களும், துறவியர் கையால் எழுதிப் பேணிய பழஞ்சுவடிகளும் உள்ளன. அச்சுப்பொறி தோன்றுவதற்கு முன்னர், அறிவைப் படியெடுத்துக் காத்த இடங்களுள் அதுவும் ஒன்று.

வாஹாவ் பள்ளத்தாக்கு

மெல்க் முதல் கிரெம்ஸ் வரையுள்ள பகுதி வாஹாவ் எனப்படும். பாதை முழுவதிலும் வனப்பு மிகுந்த பகுதி இதுவே என்பர். இருபுறமும் செங்குத்தான சரிவுகளில் படிப்படியாகக் கற்சுவர்கள் எழுப்பி, அவற்றிடையே திராட்சைக்கொடி பயிரிடுகின்றனர். அச்சுவர்களுக்குச் சாந்து பூசுவதில்லை. கல்லின்மேற் கல்லாகப் பொருத்தி அடுக்குகின்றனர். ஆதலின், மழைநீர் தேங்கிச் சுவரைத் தள்ளாமல் இடுக்குகளின் வழியே வடிகின்றது. பகலில் வெயிலை உண்ட கல், இரவில் அவ்வெப்பத்தைக் கொடிகளுக்கு அளிக்கின்றது. அவ்விடுக்குகளிற் பச்சைப் பல்லிகள் வாழ்கின்றன. மனிதன் பயிருக்காகக் கட்டிய சுவர் உயிர்களுக்கு உறைவிடமாகவும் விளங்குகின்றது. இளவேனிற் காலத்தில் ஏப்ரிகாட் மரங்கள் பூத்துப் பள்ளத்தாக்கை வெண்மையாக்குகின்றன.

ஸ்பிட்ஸ் என்னும் ஊரில் ஆற்றைக் கடக்க ஒரு படகு உண்டு. அதில் துடுப்பும் இல்லை; பொறியும் இல்லை. ஆற்றின் குறுக்கே உயரத்தில் ஓர் இரும்பு வடம் கட்டப்பட்டுள்ளது. அதன்மேல் உருளும் கப்பியோடு படகு பிணைக்கப்பட்டிருக்கிறது. சுக்கானைத் திருப்பிப் படகைச் சற்றே சாய்த்து நிறுத்தினால், நீரோட்டம் அதனைப் பக்கவாட்டில் தள்ளுகின்றது. கீழே அடித்துச் செல்லாதவாறு வடம் தடுக்கின்றது. எனவே, படகு மறுகரையை நோக்கி நகர்கின்றது. ஓட்டத்தைத் தடுக்காமலே ஓட்டத்தின் ஆற்றலைப் பயன்கொள்ளும் நுட்பம் போற்றத்தக்கது.

ஸ்பிட்ஸுக்கு அருகே வில்லெண்டோர்ஃப் என்னும் சிற்றூர் உளது. 1908ஆம் ஆண்டில் அங்கு நிகழ்ந்த அகழ்வாய்வில், சுமார் 11 சென்டிமீட்டர் உயரமுள்ள சுண்ணக்கற் பெண்ணுருவம் ஒன்று கிடைத்தது. அது ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. இன்று வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அக்கல் வட இத்தாலியிலிருந்து வந்திருத்தல் கூடும் என்று 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகின்றது. சக்கரமும் சாலையும் அறியாத அக்காலத்திலும் மக்கள் நெடுந்தொலைவு நடந்து திரிந்தனர் என்று அதனால் எண்ண இடமுண்டு. மேலும் கீழே சென்றால் டூர்ன்ஸ்டைன் கோட்டையின் இடிபாடுகள் தோன்றும். சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு, 1192ஆம் ஆண்டு இறுதியில் பிடிபட்டு, இக்கோட்டையிற் சிறை வைக்கப்பட்டார்.

இத்தனை சிறப்பும் வாய்ந்த இப்பள்ளத்தாக்கிலும் ஓர் அணை கட்டும் திட்டம் 1970களில் எழுந்தது. அணை கட்டப்பட்டிருந்தால் ஓடும் ஆறு இங்கும் தேங்கிய நீராகியிருக்கும். சரளைத் திட்டுகள் மூழ்கியிருக்கும். கரையோர ஊர்களின் தோற்றமே மாறியிருக்கும். அவ்வூர்களின் மக்கள் ஒன்றுகூடி எதிர்த்தனர். திட்டம் கைவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் வாஹாவ் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவ்வெதிர்ப்பு எழாதிருந்தால், அந்தச் சிறப்புக்குரிய ஆறு அங்கே ஓடிக்கொண்டிராது.

வியன்னாவை நோக்கி

கிரெம்ஸ் நகரைக் கடந்தபின் பள்ளத்தாக்கு அகன்று சமவெளியாகின்றது. துல்ன் நகருக்கு முன்னே, ட்ஸ்வெண்டெண்டோர்ஃப் என்னும் ஊரில், ஆற்றங்கரையில் ஓர் அணுமின் நிலையம் நிற்கின்றது. அது முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால், ஒருநாளும் இயக்கப்படவில்லை. அதனை இயக்கலாமா வேண்டாவா என்று 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5ஆம் நாள் நாட்டு மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. நூற்றுக்கு ஐம்பதைச் சற்றே தாண்டியோர் வேண்டாவென்றனர். மிகச் சிறிய வேறுபாடாயினும் அம்முடிவு மதிக்கப்பட்டது.

வியன்னா நகரம் ஆற்றின் வெள்ளத்தாற் பலமுறை துன்புற்றது. 1972ஆம் ஆண்டிற்கும் 1988ஆம் ஆண்டிற்கும் இடையே, ஆற்றுக்கு இணையாக 21 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய கால்வாய் ஒன்றை அந்நகரத்தார் வெட்டினர். வெள்ளம் வருங்கால் மிகுதி நீர் அதில் திருப்பப்படுகின்றது. வெட்டிய மண்ணைக் கொண்டு இரண்டிற்கும் நடுவே நீண்ட தீவு ஒன்றை எழுப்பினர். இன்று அத்தீவு மரம் செறிந்த பூங்காவாகவும், நீராடும் துறையாகவும், மிதிவண்டி வழியாகவும் பயன்படுகின்றது. வெள்ளத்தைத் தடுக்கும் பணியே நகர மக்களுக்கு இளைப்பாறும் இடத்தையும் அளித்தது.

இந்நகரின் எல்லைக்குள் ஃபிராய்டனாவ் என்னுமிடத்தில் மின் நிலையம் ஒன்று அமைக்கலாமா என 1991ஆம் ஆண்டில் நகர மக்களைக் கேட்டபொழுது, பெரும்பாலோர் அமைக்கலாம் என்றே விடை கூறினர். அவ்வாறே அது கட்டப்பட்டு, 1990களின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. ஆற்றங்கரை மக்கள் எல்லா அணைகளையும் எதிர்த்தவர் அல்லர் என்பது இதனால் விளங்கும். ஒவ்வோரிடத்திலும் வருவதையும் போவதையும் எடை போட்டே அவர்கள் முடிவு செய்தனர்.

காட்டைக் காத்தவர்கள்

வியன்னாவிற்குக் கிழக்கே, ஆற்றின் இருகரையிலும் பரந்த கரைக்காடுகள் உள்ளன. 1984ஆம் ஆண்டில் ஹைன்பர்க் என்னும் ஊரருகே பெரிய மின் நிலையம் ஒன்றைக் கட்ட அரசு இசைவளித்தது. அதற்காகக் காட்டின் பெரும்பகுதி வெட்டப்பட இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில், மாணவரும் ஆசிரியரும் அறிவியலாளரும் ஊர் மக்களுமாகப் பல்லாயிரவர் காட்டிற்குட் சென்றனர். எலும்பை நடுக்கும் குளிரில், மரங்களுக்கிடையே கூடாரம் அடித்துத் தங்கினர். மின் நிலையத்தால் வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்த தொழிலாளரின் சங்கங்கள் அதனை ஆதரித்தன. அவர்களுடைய கவலையும் பொய்யன்று. டிசம்பர் 19ஆம் நாள் காவலர் காட்டிற்குட் புகுந்து கூட்டத்தைக் கலைக்க முயன்றனர், பலர் காயமுற்றனர். நாடெங்கும் கலக்கம் எழுந்தது. டிசம்பர் 22ஆம் நாள், கிறிஸ்துமஸ் திருநாளையொட்டி, மரம் வெட்டும் பணியை நிறுத்தி வைப்பதாக அரசு அறிவித்தது. 1985ஆம் ஆண்டு ஜனவரியில் நீதிமன்றமும் பணிக்குத் தடை விதித்தது. நோபல் பரிசு பெற்ற விலங்கியல் அறிஞர் கொன்ராட் லொரென்ஸ் பெயரால் அவ்வாண்டு நடந்த மக்கள் வேண்டுகோளில் மூன்றரை லட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர்.

அணை எழவில்லை. 1996ஆம் ஆண்டில், 9,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட அக்கரைக்காடு தேசியப் பூங்கா ஆயிற்று. இன்று அங்கே வெண்வாற் கழுகு கூடு கட்டுகின்றது. நன்னீர் ஆமை வெயில் காய்கின்றது. செங்குத்தான மண்கரையிலேதான் மீன்கொத்திப் பறவை வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். ஆகவே, முன்பு கரையிற் பதித்த கற்களைச் சில இடங்களிலிருந்து பெயர்த்தெடுத்து, ஆறு தன் கரையைத் தானே வகுத்துக்கொள்ள விட்டுள்ளனர். ஆஸ்திரியாவில் டான்யூப் தடையின்றி ஓடும் நெடும்பகுதிகள் இன்று இரண்டே. ஒன்று வாஹாவ், மற்றொன்று இக்கரைக்காட்டுப் பகுதி. இரண்டும் மக்களின் மன உறுதியால் நிலைத்தவை.

ஹைன்பர்க்கிற்கு அருகே கார்னுண்டும் என்னும் பழைய உரோமானிய நகரின் எச்சங்கள் உள்ளன. டான்யூப் ஆறே ஒரு காலத்தில் உரோமப் பேரரசின் வட எல்லையாக இருந்தது. பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் போர்க்காலத்தில் அங்குத் தங்கித் தம் சிந்தனைகளில் ஒரு பகுதியை எழுதினார்.

எல்லை மறைந்த இடம்

ஹைன்பர்க்கிலிருந்து சிறிது தொலைவில் பிராட்டிஸ்லாவா நகரம் உள்ளது. அந்நகருக்கு முன்பாக, மொராவா ஆறு டான்யூபிற் கலக்கும் இடத்தில், தேவின் கோட்டை பாறைமேல் நிற்கின்றது. 1989ஆம் ஆண்டு வரையில் அவ்விடம் இரு உலகங்களின் எல்லையாக இருந்தது. கரை நெடுகிலும் முள்வேலி, காவற் கோபுரங்கள். ஆற்றைக் கடந்து தப்ப முயன்று உயிர் நீத்தோர் பலர். அவர்களுக்காகக் கோட்டையின் அடியில் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டுள்ளது. இன்று அவ்வேலி இல்லை. மொராவா ஆற்றின்மீது 2012ஆம் ஆண்டில் ஒரு பாலம் திறக்கப்பட்டது. 'விடுதலைப் பாலம்' எனப்படும் அதில் பேரூர்திகள் செல்வதில்லை. நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் மட்டுமே செல்கின்றனர்.

ஆறு கற்பிக்கும் பாடம்

மிதிவண்டி மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் அளவிற் செல்லும் எளிய ஊர்தி. அதில் செல்பவன் பறவையின் ஒலியைக் கேட்கின்றான். பூவின் மணத்தை நுகர்கின்றான். எதிர்ப்படும் ஊராரோடு உரையாடுகின்றான். விரும்பிய இடத்தில் ஒரு காலை ஊன்றி நின்று, சுவரிலுள்ள வெள்ளக் குறியையும் படித்தறிகின்றான். இவ்வாறு செல்பவனுக்கு இயற்கை வேறு, பண்பாடு வேறு என்று தோன்றாது. திராட்சைத் தோட்டத்துக் கற்சுவர் எவ்வகையைச் சார்ந்தது? குதிரைகள் நடந்த வழி எவ்வகையைச் சார்ந்தது? வெட்டப்படாது நிற்கும் காடு, அதனைக் காத்த மக்களின் பண்பாட்டிற்கும் சான்றன்றோ?

மாணவர்களே! அழகிய ஆற்றங்கரை தானாக நிலைத்திருப்பதன்று. ஒவ்வொரு தலைமுறையும் அதனைக் குறித்து ஒரு முடிவு செய்ய நேர்கின்றது. எதைக் கட்டலாம், எதைக் கட்டாது விடலாம், எதை மறவாது காக்கலாம் என்று ஆராய்ந்து முடிவு செய்தவர்களின் அறிவே டான்யூப் கரையில் பாதையாகவும் காடாகவும் நினைவிடமாகவும் நிற்கின்றது. அவ்வாராய்ச்சிக்கு முதற்படி, ஆற்றை அருகில் சென்று அறிதல். விரைந்து கடப்பவர் ஆற்றைக் காண்பதில்லை. காணாததை எவரும் காப்பதில்லை. ஆற்றோடு உடன் செல்பவரே அதன் அருமையை அறிவர். அருமையை அறிந்தவரே அதனைக் காக்க முன்வருவர்.